மூன்றாம் மடை

பந்தி ஒன்று, பந்தி இரண்டு, பந்தி மூன்று, மூன்றாவதில் பாதிப் பேர் தலையை முதுகில் செருகிக்கொண்டு தூங்குகிறார்கள், தூங்கினால் என்ன, தூங்குகிற பிள்ளைக்கும் முட்டை உண்டு. இருபத்தெட்டு வருஷம் சத்துணவுக் கூடத்தில் தலை எண்ணியவளுக்கு இந்தப் பறவைகள் ஒரு பெரிய காரியமா என்றுதான் வரும்போது நினைத்தேன். பிள்ளைகள் சோறு விழும்வரை உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருக்கும். இதுகள் அப்படியா. ஒன்று ஓடினால் பத்து ஓடுகிறது, பத்து எழும்பினால் பந்தியே எழும்பி ஒரு வட்டம் போட்டுவிட்டு அடுத்த பந்தியின் நடுவில் போய் இறங்கிக்கொள்கிறது, எண்ணியது எது எண்ணாதது எது. இவர் எப்படித்தான் எண்ணினாரோ, இருபத்திரண்டு வருஷம், ஒவ்வொரு தை மாதமும், கோடியக்கரைச் சதுப்பின் இதே மூன்றாம் மடையில், இதே கரையில். இவர் என்றால் என் வீட்டுக்காரர், கலியபெருமாள், மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்தவர். இப்போது பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருக்கிறார். குல்லாய் போட்டு, சால்வை சுற்றி, விளங்காத வலது கையை மடியில் எடுத்து வைத்து, டெலஸ்கோப்பைக் கண் மட்டத்துக்கு இறக்கி நிறுத்திக் கொடுத்திருக்கிறேன். பார்க்கிறாரா என்று தெரியவில்லை. கண் கண்ணாடிக்குப் பக்கத்தில் இருக்கிறது, அவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும். வாடை நேராக முகத்தில் அடிக்கிறது, உப்பும் சேறும் கலந்த வாடை, எனக்கே காது மடல் மரத்துவிட்டது, அவருக்கு எப்படி இருக்கிறதோ. பந்தி நான்கு. இல்லை, இது முன்பே எண்ணியது.

மணி ஏழரை. பத்து மணிக்கு எழிலரசி கூப்பிடுவாள். திருப்பூரிலிருந்து தினம் பத்து மணிக்குக் கூப்பிடுவாள், பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பிவிட்டுக் கூப்பிடுவாள், "அப்பா என்ன பண்றாங்க?" என்பாள், நான் "உட்கார்ந்திருக்காரு" என்பேன். ஏழு மாதமாக அவளுக்கு நான் சொன்ன சேதி அந்த ஒன்றுதான், உட்கார்ந்திருக்கிறார். இன்றைக்கு அவள் அதோடு விடப்போவதில்லை. "முடிவு சொல்லும்மா" என்பாள். இரண்டாவது மாடியில் ஒரு அறையைத் தயார் பண்ணிவிட்டாள், கைப்பிடி வைத்துக் குளியலறை கட்டிவிட்டாள், மாப்பிள்ளை தங்கமானவர், ஒரு குறையும் சொல்ல முடியாது. சன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர். அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு இவர் உட்கார்ந்திருப்பார். அதில் என்ன, இங்கேயும் ஏழு மாதமாகச் சுவரைத்தானே பார்க்கிறார், பைனாகுலரை எடுத்து மடியில் வைத்தால் அதைத் தொடக்கூட இல்லையே, வாசல் மின்கம்பியில் மீன்கொத்தி வந்து உட்கார்ந்து கத்தினாலும் திரும்பவில்லையே என்று மகள் கேட்டால் அவள் கேட்பது நியாயம்தான். அதனால்தான் நேற்று ராத்திரி படுக்கும்போது நானாக ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன். நாளைக்கு வனத்துறையின் பறவை எண்ணிக்கை நாள். இவரை மடைக்குக் கூட்டிக்கொண்டு போவது. அங்கே ஒரு சொல், ஒரே ஒரு சொல், ஏதாவது ஒரு பறவையைப் பார்த்து அதன் சரியான பேரை இவர் சொல்லிவிட்டால் நாங்கள் இங்கேயே இருப்போம். சொல்லாவிட்டால் திருப்பூர். யாரிடம் இந்தப் பேரம் பேசினேன் என்று தெரியவில்லை, சாமியிடம் இல்லை, சாமியிடம் நான் கோபமாக இருக்கிறேன்.

வனத்துறையிலிருந்து போன வாரம் பேசினார்கள், சார் வரமுடியாது என்றால் மூன்றாம் மடைக்கு வேறு ஆளைப் போட்டுக்கொள்கிறோம் என்றார்கள். வாய் சும்மா இருந்ததா. "வருவார்" என்றேன். வருவார், நான் எழுதுவேன், அவர் பார்ப்பார் என்றேன். கேட்டவர் "சரிங்கம்மா" என்றார். அந்தச் சரியில் எவ்வளவு பரிதாபம் இருந்ததென்று எனக்குத் தெரியும். ஆறரைக்கெல்லாம் வனக்காவலர் பக்கிரிசாமி ஜீப்போடு வாசலுக்கு வந்துவிட்டார். இவரை அண்ணே என்றும் என்னை அண்ணி என்றும் கூப்பிடுகிற மனுஷன், இவரோடு பதினைந்து வருஷம் இந்தச் சேற்றில் நடந்தவர். இவரை அப்படியே தூக்கி முன்சீட்டில் வைத்தார், வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். பேச்சு வராத ஆள் பக்கத்தில் இருந்தால் சிலர் ஊமையாகிவிடுகிறார்கள், சிலர் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசுகிறார்கள், பக்கிரிசாமி இரண்டாவது வகை. "அண்ணே, என்னையப் பாத்தீங்களா, இளைச்சுட்டேன்ல? சுகரு வந்துட்டுண்ணே. பதினோரு கிலோ போயிட்டு. சட்டையெல்லாம் தொளதொளன்னு கெடக்கு, வீட்ல எல்லாத்தையும் பிடிச்சுத் தைக்கிறா" என்றார். நான் பின்சீட்டிலிருந்து பார்த்தேன். வயிறு ஸ்டியரிங்கைத் தொட்டுக்கொண்டுதான் இருந்தது. ஜீப் அவர் பக்கம்தான் சாய்ந்து ஓடியது. பதினோரு கிலோ எந்தப் பக்கத்திலிருந்து போனதோ தெரியவில்லை, ஆனால் நோய்க்காரனிடம் வந்து தன் நோயைச் சொல்லி ஆறுதல் தேடுகிற அந்தக் குணம் எனக்குப் பிடித்திருந்தது. "ஆமா தம்பி, இளைச்சுத்தான் போயிட்டீங்க" என்றேன். இவர் கண்ணாடி வழியாக ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தார். கேட்டாரா இல்லையா, ஒரு அசைவில்லை. எங்களை மடையில் இறக்கி நாற்காலி போட்டுக் கொடுத்துவிட்டு, "சாப்பாடு எடுத்துக்கிட்டு ஒம்போதரைக்கு வர்றேன் அண்ணி" என்று பக்கிரிசாமி போய்விட்டார்.

கடல் தண்ணீர் மடை வழியாக மெல்ல ஏறுகிறது. இது எனக்குத் தெரிந்த ஒன்று, இவர் நூறு தடவை சொல்லியிருக்கிறார், தண்ணீர் ஏற ஏறச் சேறு மூடும், சேறு மூட மூடப் பறவைகள் கரைக்கு நெருங்கி வரும், அதுவரை பொறுமையாக இருக்க வேண்டும், அவசரப்படுகிறவன் எண்ணக்கூடாது என்பார். தூரத்தில் பூநாரைகள் வரிசையாக நிற்கின்றன, ரோஸ் கலரில், அதை யார் வேண்டுமானாலும் எண்ணலாம். என்னை அறியாமல் என் கண் தேடுவது கிட்டத்தில் இருக்கிற பொடிசுகளை. கொசு உள்ளான். இந்த மொத்தக் கூட்டத்திலும் அதைவிடச் சின்னது கிடையாது, ஒரு முட்டையின் எடையில் பாதிதான் இருக்கும், கைக்குள் வைத்தால் காணாமல் போய்விடும். இத்தனூண்டு உடம்பை வைத்துக்கொண்டு வடதுருவத்துப் பக்கத்திலிருந்து பறந்து வருகிறது. முதல் தடவை இவர் அதைச் சொன்னபோது நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன், "வந்தா வரட்டும், நான் என்ன ஆரத்தியா எடுக்கணும்" என்றேன். அப்படித்தான் பேசுவேன். அவருக்கும் அப்படி நான் பேசத்தான் வேண்டும். கல்யாணமான புதிதில் என் பேர் தவமணி என்பதையே மறந்துவிட்டார், கல்திருப்பி என்று கூப்பிட்டார். கரையில் கிடக்கிற கல்லையெல்லாம் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துக்கொண்டே போகிற ஒரு உள்ளான் இருக்கிறது, அது நானாம், அவர் சட்டைப்பையையும் அலமாரியையும் நான் புரட்டுகிற அழகைப் பார்த்து வைத்த பேராம். வீட்டில் ஒரு பொருளுக்கும் சொந்தப் பேர் கிடையாது. மூக்கு வைத்த கூஜா, மூக்கன். விசில் அடிக்கிற குக்கர், ஆளைக் கண்டால் கத்துகிற ஆள்காட்டி. தொண்டைக்குக் கீழே பை தொங்குகிற மாதிரி தாடை வைத்திருந்த பக்கிரிசாமி, கூழைக்கடா. பேரைப் போட்டுவிட்டுச் சும்மா இருக்கமாட்டார், உதட்டை இறுக்கிக்கொண்டு என் முகத்தையே பார்ப்பார், நான் "போதும் உங்க பட்சி சாஸ்திரம்" என்று கத்தினால்தான் சிரிப்பார். முப்பத்தைந்து வருஷம் இந்தக் கூத்து நடந்தது.

நினைக்கக்கூடாது என்று நினைத்தால் நினைப்பு அங்கேதான் போய் நிற்கிறது, பந்தி ஐந்து, ஆறு, ஆனி மாதம் பதினெட்டாம் தேதி காலை ஆறு மணி, நான் அடுப்பில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். இவர் அடுப்படி வாசலில் வந்து நின்றார். மேடையில் இருந்த டம்ளரைக் காட்டினார். "ஆள்காட்டி" என்றார். "அந்த ஆள்காட்டிய. ஆள்காட்டிய எடு." நான் சிரித்தேன். சிரித்தேனே, பாவி, வாய்விட்டுச் சிரித்தேனே. "டம்ளர் எங்கயாவது கத்துமா? குக்கருல்ல ஆள்காட்டி. நீங்க வெச்ச பேரு உங்களுக்கே மறந்துபோச்சா? போதும் உங்க பட்சி சாஸ்திரம்" என்றேன், தோசைக் கல்லைப் பார்த்துக்கொண்டே சொன்னேன், திரும்பி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. திரும்பியிருந்தால் வாய் ஒரு பக்கம் இழுத்திருப்பதைப் பார்த்திருப்பேன். இன்னும் ஒரு தடவை "ஆள்காட்டி" என்றார். நான் அதற்கும் சிரித்தேன். அவர் போய்க் கூடத்தில் உட்கார்ந்தார், நான் காப்பியை அவர் பக்கத்தில் வைத்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போனேன், தெருக்குழாயில் பேச்சு, யார் வீட்டிலோ நிச்சயதார்த்தம், மூன்று குடம் பிடித்துக்கொண்டு வந்து பார்த்தால் நாற்காலிக்குக் கீழே கிடக்கிறார், காப்பி ஆடை கட்டியிருக்கிறது. அது ஒரு மணி நேரம். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர இன்னும் நாலு மணி நேரம். கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் ஒரு ஊசி போட்டிருக்கலாம் அம்மா என்றார் டாக்டர், குற்றமாகச் சொல்லவில்லை, தகவலாகச் சொன்னார். "கடைசியா எப்ப நல்லாப் பேசினாரு?" என்று முதலிலேயே கேட்டிருந்தார். "ஏழு மணிக்கு" என்றேன். பொய். ஆறு மணிக்கே பேச்சு போய்விட்டது, நான் அதை விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தேன் என்று யாரிடம் சொல்வது. உலகத்தில் எந்தப் பெண்டாட்டியும் டம்ளரைப் பார்த்து ஆள்காட்டி என்று சொல்கிற புருஷனைப் பார்த்துப் பயந்திருப்பாள், நான் ஒருத்திதான் சிரித்திருப்பேன். எழிலரசிக்குக்கூடத் தெரியாது. இவருக்குத் தெரியுமா, நான் சிரித்தது இவர் தலைக்குள் எங்காவது இருக்கிறதா, அதனால்தான் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரா, இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"அது" என்றார் இவர். திடுக்கிட்டுத் திரும்பினேன். "அது. அது." ஏழு மாதமாக இவருக்கு வாய்த்த சொல் அது ஒன்றுதான். பசித்தாலும் அது, வலித்தாலும் அது, வேண்டாம் என்றாலும் அது. பேச்சுப் பயிற்சிக்கு வந்த பெண் படம் போட்ட அட்டைகளை ஒவ்வொன்றாக நீட்டினாள், சாவி, செருப்பு, வாழைப்பழம், எல்லாம் அது, நாலாவது அட்டைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டார். "என்னங்க, தண்ணி வேணுமா?" என்றேன். இடது கையால் எதையோ காட்டினார், கரையையா வந்த வழியையா, கை பாதியில் நின்று கீழே விழுந்தது. "அது" என்றார் மறுபடி, நெற்றி சுருங்கியது. குளிருகிறதோ என்று சால்வையைக் காதுவரை இழுத்துவிட்டு, பிளாஸ்கைத் திறந்து வெந்நீர் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டார். கோபமா. கோபமென்றால்கூட நல்லதுதான். மறுபடி கண்ணைக் கண்ணாடிக்குக் கொண்டுபோனார், நானும் என் பந்திகளுக்குத் திரும்பினேன், எங்கே விட்டேன் என்று தெரியவில்லை, ஒன்றிலிருந்து ஆரம்பித்தேன்.

ஆரம்பித்து அறுநூறு வரை வந்திருப்பேன், பூனைப்பருந்து ஒன்று நாணலுக்கு மேலே தாழ வந்தது, அவ்வளவுதான், மொத்தச் சதுப்பும் எழும்பிவிட்டது. கோபம் கோபமாக வந்தது. பரிமாறின இலையை மாடு வந்து மிதித்தால் எப்படி இருக்கும். ஆனால் அண்ணாந்து பார்த்தபோது கோபம் நிற்கவில்லை, ஆயிரம் உடம்பும் ஒரே நேரத்தில் திரும்புகிறது, திரும்பும்போது வெள்ளையாகிறது, மறுபடி திரும்பும்போது காணாமல் போகிறது, ஒன்றோடு ஒன்று முட்டிக்கொள்வதில்லை, யார் சொல்லித் திரும்புகிறது, எங்கள் கூடத்தில் நாற்பது பிள்ளைகளை ஒரே பக்கம் திருப்ப நான் தொண்டை கிழியக் கத்த வேண்டும். அந்த இறக்கைச் சத்தம் தலைக்கு மேலே போனபோது என்னை அறியாமல் இவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். இத்தனை வருஷம் கூப்பிட்டாரே, "ஒரு நாள் வா தவம், ஒரே ஒரு நாள் வந்து பாரு" என்றாரே, வெயில் என்றேன், சேறு என்றேன், மாவு அரைக்கணும் என்றேன். இப்போது வந்திருக்கிறேன், எனக்குக் காட்ட இவருக்கு வாயில்லை. சால்வைக்குள் இவர் தோள் சூடாக இருந்தது. பறவைகள் இறங்கிவிட்டன, முன்னைவிடக் கிட்டத்தில். இறங்கின வேகத்தில் சேற்றைக் குத்தித் தின்ன ஆரம்பித்துவிட்டன, இப்போதுதான் உயிருக்குப் பயந்து பறந்தோம் என்ற நினைப்பே இல்லாமல். எனக்கு அப்படி ஒரு மனசு இருந்தால் நன்றாகத்தான் இருக்கும்.

அப்போதுதான் அந்த டிக் சத்தம் கேட்டது. எண்ணுவதற்கு என்று இவரிடம் ஒரு குட்டி மெஷின் உண்டு, கட்டைவிரலால் அழுத்தினால் எண் ஒன்று ஏறும், வரும்போது அதன் வளையத்தை இவர் இடது கை விரலில் மாட்டி வைத்திருந்தேன், பூஜ்யத்தில் வைத்துத்தான் கொடுத்தேன். குனிந்து பார்த்தேன். முப்பத்தேழு. முப்பத்தேழு என்ன? எதை எண்ணினார்? பைனாகுலரை எடுத்துக்கொண்டு சதுப்பு முழுக்கத் துழாவினேன், முப்பத்தேழாக எது இருக்கிறது, கல்லைப் புரட்டுகிற மாதிரி ஒவ்வொரு கூட்டமாகப் புரட்டினேன். பூநாரை நாற்பத்தொன்று. வளைந்த மூக்கோடு தனியாக நிற்கிற பெரியது ஆறு. செங்கால் உள்ளான் இருபதுக்கு மேல், முப்பதுக்கு உள்ளே. நாரை ஒன்பது. எதுவும் முப்பத்தேழு இல்லை. இரண்டு தடவை எண்ணினேன், பூநாரையை மூன்றாவது தடவையும் எண்ணினேன், நாற்பத்தொன்றுதான், ஒன்றுகூடக் குறையவில்லை. "என்னங்க, எத எண்ணுனீங்க?" என்றேன். டிக். முப்பத்தெட்டு. விரல் நடுக்கத்தில் தானாக அழுந்துகிறதோ என்னவோ, பிள்ளைகள் பேனா மூடியைத் திறந்து மூடுவதில்லையா, அப்படி இருக்கும். அந்த மெஷினைக் கொண்டுவந்ததே தப்பு. ஆசை காட்டிவிட்டுப் பறிக்கிற சாமான்கள் ஒன்றும் வேண்டாம். நோட்டில் குனிந்து பூநாரைக்கு நேரே நாற்பத்தொன்று என்று எழுதினேன்.

மணி ஒன்பதே கால். இன்னும் முக்கால் மணி நேரம். தண்ணீர் என் செருப்புக்கு நாலடி தூரத்துக்கு வந்துவிட்டது, கொசு உள்ளான்கள் அதற்கு முன்னால் ஓடி ஓடி வருகின்றன, அலை வந்தால் பின்வாங்கி, போனால் துரத்தி. இவ்வளவு கிட்டத்தில் நிற்கிறதே, இதையாவது சொல்லுங்களேன், கொசு, உள்ளான், இரண்டே சொல், உங்கள் நாக்கில் லட்சம் தடவை உருண்ட சொல். கேட்கவில்லை, மனசுக்குள்தான் கெஞ்சினேன். கேட்டுப் பதில் வராமல் போனால் அது முடிவாகிவிடும், கேட்காதவரை முடிவில்லை, நான் எவ்வளவு கெட்டிக்காரி. பந்தி பந்தியாகக் கொசு உள்ளானை எண்ணி முடித்தேன், இந்தத் தடவை எதுவும் எழும்பவில்லை, எண்ணூற்று அறுபது வந்தது. பத்துப் பத்தாக எண்ணுகிற கணக்கில் ஒற்றை எண் வராது, முழு எண்ணாகத்தான் வரும், அதைப் போட்டுவிட்டு நிமிர்ந்தேன். திருப்பூரிலும் ஒரு ஏரியோ குளமோ இருக்காதா. எழிலரசி நல்ல பெண். மாடிப்படியில் இவரை எப்படி இறக்குவது. ஒரு தடவை ஏற்றிவிட்டால் இறக்கமாட்டோம், அதுதான் நடக்கும், எனக்குத் தெரியும்.

கரையில் டிபன் கேரியரை ஆட்டிக்கொண்டு பக்கிரிசாமி வந்துகொண்டிருந்தார். கரை மேலே மண் சரிகிறது, காலை அகட்டி அகட்டி வைத்து, பெல்ட்டை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கி வாங்கி வருகிறார், அவர் போடுகிற ஒவ்வொரு அடிக்கும் ஓரத்தில் நிற்கிற பறவைகள் ரெண்டு எட்டு தள்ளிப் போகின்றன. இவர் டெலஸ்கோப்பிலிருந்து தலையை எடுத்தார். "கொ" என்றார். "கொ. கொசு." உதடு எதையோ மெல்லுவது மாதிரி அசைந்தது. "கொசு உள்ளான்." வந்துவிட்டது, சொல்லிவிட்டார், சரியான பேர், முழுப் பேர், காலடியில் ஓடுகிற கொசு உள்ளானைப் பார்த்து நான் சிரிக்கக்கூட ஆரம்பித்துவிட்டேன், அப்புறம்தான் பார்த்தேன், இவர் தண்ணீரைப் பார்க்கவே இல்லை. கண் கரை மேல் இருந்தது. இடது கைச் சுட்டுவிரல் நேராகப் பக்கிரிசாமியைக் காட்டியது. "கொசு உள்ளான்" என்றார் மறுபடி. அதே. டம்ளரைக் காட்டி ஆள்காட்டி என்றாரே, அதே. இன்னொரு தடவை வரலாம் அம்மா, ஜாக்கிரதையாக இருங்கள் என்றாரே டாக்டர், இந்த வாடையில், இந்தக் குளிரில் கொண்டுவந்து உட்காரவைத்தேனே. நோட்டு கீழே விழுந்ததைக்கூட எடுக்கவில்லை, நாற்காலிக்கு முன்னால் சேற்றில் மண்டி போட்டு இரண்டு கையாலும் இவர் முகத்தைப் பிடித்தேன். இந்தத் தடவை பார்க்கிறேன். இந்தத் தடவை எங்கேயும் பார்க்கமாட்டேன், இந்த முகத்தை மட்டும்தான் பார்ப்பேன். வலது பக்க வாய் ஏழு மாதமாக எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது, இறங்கவில்லை. "கையத் தூக்குங்க" என்றேன். இடது கையைத் தூக்கினார். இடது பக்க வாய், அந்த மூலை, அது துடித்துக்கொண்டிருந்தது. இழுப்பு இல்லை. இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறார். கண் பக்கிரிசாமியின் வயிற்றுக்குப் போனது, திரும்பி என் முகத்துக்கு வந்தது, வந்து காத்துக்கொண்டு நின்றது.

அந்தக் காத்திருப்பு எனக்குத் தெரியும். முப்பத்தைந்து வருஷமாகத் தெரியும். இளைச்சுட்டேன்ல என்றாரே பக்கிரிசாமி, ஆறரை மணிக்கு, ஜீப்பில். பதினோரு கிலோ போயிட்டு என்றாரே. கேட்டிருக்கிறார். கேட்டு, வைத்துக்கொண்டு, மூன்று மணி நேரம் அந்த உடைந்த வாய்க்குள் தேடித் தேடி, "அது அது" என்று வந்த வழியைக் காட்டினாரே அப்போதே ஆரம்பித்திருக்கிறார், நான் வெந்நீர் கொடுத்து வாயை அடைத்தேன், விடாமல் மறுபடி தேடி, இருக்கிற பறவைகளிலேயே ஆகச் சின்னப் பறவையைத் தேர்ந்தெடுத்துப் பக்கிரிசாமிக்குப் பேர் வைத்திருக்கிறார். கூழைக்கடா இளைத்துவிட்டதாம். எனக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது, எது முதலில் வந்ததோ தெரியாது. சரியான ஒரு சொல்தான் கேட்டேன், எனக்கு அது தேவையே இல்லை, அட்டையைப் பார்த்து வாழைப்பழம் என்று சொல்கிற புருஷன் எனக்கு எதற்கு. "போதும்" என்றேன், மறுபடி சொன்னேன், அன்றைக்குச் சொன்ன அதே வார்த்தையை, அந்த வார்த்தையை இனி வாயில் எடுக்கமாட்டேன் என்று இருந்தேன், "போதும் உங்க பட்சி சாஸ்திரம்!" என்று கத்தினேன். பக்கத்தில் இருந்த உள்ளான்கள் எழும்பிவிட்டன. இவர் சிரித்தார். பாதி முகம்தான் சிரித்தது, எனக்கு அந்தப் பாதி முகமே போதுமானதாக இருந்தது.

பக்கிரிசாமி கேரியரோடு ஓடி வந்தார். "என்ன அண்ணி, அண்ணனுக்கு என்ன?" "ஒண்ணுமில்ல தம்பி, உங்களக் கொசு உள்ளான்ங்குறாரு." அவர் என்னையும் இவரையும் மாறி மாறிப் பார்த்தார், அப்புறம் தன் வயிற்றைப் பார்த்தார். "ஏண்ணே, போன வருசம்வரைக்கும் கூழைக்கடான்னுதானே சொன்னீங்க!" என்றார், சொல்லி முடிப்பதற்குள் குரல் உடைந்துவிட்டது, கேரியரைக் கீழே வைத்துவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கடலைப் பார்க்க நின்றார். நான் நோட்டைத் தேடி எடுத்தேன், ஓரம் சேறாகியிருந்தது. எனக்கு என்னவோ பிடித்துவிட்டது, இவரை விடக்கூடாது என்று தோன்றியது, விட்டால் மறுபடி சுவருக்குள் போய்விடுவார். கொசு உள்ளான் என்று எழுதியிருந்த இடத்தில், எண்ணூற்று அறுபதின் கடைசி பூஜ்யத்தை அடித்துவிட்டு ஒன்று போட்டு, எண்ணூற்று அறுபத்தொன்று ஆக்கி, இவர் கண்ணுக்கு நேராகப் பிடித்தேன். "நீங்க சொன்னதச் சேத்தாச்சு. சரியா?" நோட்டைப் பார்த்தார். பக்கிரிசாமியைப் பார்த்தார். நெற்றி சுருங்கியது. இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு பறவையைக் கூட்டி எழுதாத மனுஷன், ஒரே ஒரு ஆலாப் பறவைக்காக ஆபீசரோடு மூன்று மாதம் பேசாமல் இருந்த மனுஷன். இடது கையை நீட்டினார். பேனாவைக் கொடுத்தேன். அந்த ஒன்றின் மேல் கோணல்மாணலாக ஒரு கோடு இழுத்தார். பக்கத்தில் மெல்ல, மூச்சைப் பிடித்துக்கொண்டு, நசுங்கிய முட்டை மாதிரி ஒரு பூஜ்யம் போட்டார்.

போன் அடித்தது. பத்து மணி. எழிலரசி. இவர் பேனாவைத் திருப்பித் தரவில்லை, நோட்டை மடிக்கு இழுத்துக்கொண்டு மேலேயிருந்து ஒவ்வொரு வரியாகப் பார்த்துக்கொண்டிருந்தார், பூநாரையில் வந்து நின்று, என் நாற்பத்தொன்றைச் சரிபார்க்க டெலஸ்கோப்புக்குப் போனார், டிக் என்றது. "அம்மா, அப்பா என்ன பண்றாங்க?" என்றாள் மகள். சேற்றில் மண்டி போட்ட முழங்கால் குளிர்ந்துகொண்டிருந்தது, மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

"அப்பா வேலையா இருக்காரு. அப்புறமாக் கூப்பிடு."